பிரவுசர் தடுத்த டவுன்லோடு: சோதித்துப் பார்த்து வழிவிடும் முறை

மென்பொருள் நல்லது. அதைச் செய்தவரின் தளத்திலிருந்துதான் இறக்குகிறீர்கள். ஆனாலும் பிரவுசர் பாதியில் நிறுத்தி ஓர் எச்சரிக்கையைக் காட்டுகிறது. புதிதாகக் கணினி பழகுகிறவர்கள் இந்த இடத்தில் ஒன்று பயந்து அழித்துவிடுகிறார்கள், அல்லது பாதுகாப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உள்ளே விடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. அந்த ஒரு கோப்பைச் சோதித்து, அதற்கு மட்டும் வழிவிடலாம். படிகளின் வரிசை மாறினால் சோதனைக்கே அர்த்தமில்லாமல் போகும், அதனால் வரிசைப்படியே செய்யுங்கள்.

விண்டோஸ் கணினியை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். மேக்கும் ஆண்ட்ராய்டும் பின்னால் வருகின்றன. காசு கட்டவேண்டிய மென்பொருளின் 'கிராக்' கோப்புகளுக்கு இந்த வழிகாட்டி உதவாது. அங்கே ஒப்பிட்டுப் பார்க்க அசல் என்று ஒன்றே கிடையாது.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்பேடைத் திறந்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மென்பொருளைச் செய்தவரின் தள முகவரி, உங்களுக்கு வேண்டிய பதிப்பு எண், 32 பிட்டா 64 பிட்டா என்பது, தளத்தில் கொடுத்திருந்தால் அந்தக் கோப்பின் ஷா-256 ஹேஷ்.

ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. 0 முதல் 9 வரையுள்ள எண்களும் ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளும் கலந்து 64 இடம் வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹேஷ் முழுக்க மாறிவிடும். டவுன்லோடு பட்டனுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'செக்சம்' என்று இருக்கும். அங்கே இல்லாவிட்டால் வெளியீட்டுக் குறிப்புகளில் தேடுங்கள். மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் வெளியீட்டுப் பக்கங்கள் 2025 ஜூன் முதல் ஒவ்வொரு கோப்புக்கும் இதைத் தாமாகவே காட்டுகின்றன.

பிறகு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். இதில் தவறு நடப்பது பெரும்பாலும் அவசரத்தில்தான்.

2. எச்சரிக்கையை வரிக்கு வரி படியுங்கள்

"அண்ணா, வைரஸ்னு வருது" என்று போனில் சொல்வார்கள். திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், அதில் வைரஸ் என்ற சொல்லே இருக்காது. 'நாட் காமன்லி டவுன்லோடட்' என்று இருக்கும். இந்தக் கோப்பை அதிகம் பேர் இறக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

அதனால் எதையும் அழுத்தும் முன் விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்திப் படம் எடுத்துவிடுங்கள். சில எச்சரிக்கைகள் ஒருமுறைதான் வரும். 'டெலிட்' கொடுத்துவிட்டால் எதற்காகத் தடுத்தது என்பதே தெரியாமல் போகும். அடுத்த இரண்டு படிகளும் அந்தச் சொற்களை வைத்துத்தான் நகர்கின்றன.

3. தடுத்தது யார் என்று கண்டுபிடியுங்கள்

டவுன்லோடைத் தடுக்கக்கூடியவர்கள் நான்கு பேர்: பிரவுசர், விண்டோஸ், ஆன்டிவைரஸ், அலுவலகத்தின் கணினி நிர்வாகி. பெரும்பாலும் பிரவுசர் சன்னலுக்குள்ளேயே தெரியும் என்பதால் பழி பிரவுசர் மேல் விழுகிறது.

கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறியும், 'கீப்' போன்று வைத்துக்கொள்ளும் வழி ஒன்றும் இருந்தால் தடுத்தது பிரவுசர். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இதற்குக் கூகுளின் 'சேஃப் பிரவுசிங்' பட்டியலைப் பார்க்கின்றன. எட்ஜ், மைக்ரோசாஃப்டின் 'ஸ்மார்ட்ஸ்கிரீன்' சொல்வதைக் கேட்கிறது. அதனால்தான் ஒரே கோப்பை எட்ஜ் தடுக்கும், குரோம் விட்டுவிடும்.

குரோமில் 'வைரஸ் டிடெக்டட்' என்று வந்து டவுன்லோடு தோற்றுப்போனால், அது பெரும்பாலும் கணினியிலுள்ள ஆன்டிவைரஸின் வேலை. பிரவுசர் அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் இது சரியாகாது. இரண்டு மணி நேரம் குரோமை அழித்து அழித்து மறுபடி நிறுவியவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு 10-ஆம் படிக்குப் போங்கள்.

கோப்பு முழுசாக இறங்கி, அதை இரட்டைக் க்ளிக் செய்தபிறகு நீலப் பெட்டி வந்தால் அது விண்டோஸ். அதற்கு 9-ஆம் படி.

'உங்கள் நிறுவனம் தடுத்திருக்கிறது' என்ற பொருளில் வந்தால் அது நிர்வாகி வைத்த விதி. சுற்றிப் போக வழி தேடாதீர்கள். கோப்பின் பெயர், முகவரி, ஹேஷ் மூன்றையும் ஐடி பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். ஹேஷோடு கேட்டால் அவர்கள் சோதிப்பது சுலபம், பதிலும் சீக்கிரம் வரும்.

4. எச்சரிக்கையின் வகையைப் பிரித்துப் பாருங்கள்

முதல் வகை, 'தெரியாது' என்பது. வழக்கமாக இறக்கப்படாத கோப்பு, சந்தேகத்துக்குரிய கோப்பு என்றெல்லாம் வரும். நல்ல மென்பொருள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். ஒரு கோப்பின் நற்பெயர் அதன் ஹேஷோடும், அதில் டிஜிட்டல் கையொப்பமிட்டவரின் (செய்தவர் யார் என்று காட்டும்) சான்றிதழோடும் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. புதிய பதிப்பு வந்ததும் ஹேஷ் புதிது. பத்து வருடம் பழகிய மென்பொருளானாலும் அந்தக் கோப்பு அன்று பிறந்த குழந்தை. கையொப்பமும் இல்லாவிட்டால் பிரவுசருக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை.

இரண்டாம் வகை, 'வழி பாதுகாப்பில்லை' என்பது. பக்கம் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்கும், டவுன்லோடு இணைப்பு மட்டும் பழைய எச்டிடிபியில் இருக்கும். வழியில் யாராவது கோப்பை மாற்றிவைக்கலாம் என்பதால் பிரவுசர் நிறுத்துகிறது. குரோம் 2020-இல் படிப்படியாக இதைத் தொடங்கியது, ஃபயர்ஃபாக்ஸ் 2021 அக்டோபரில் வந்த 93-ஆம் பதிப்பில் சேர்த்தது. இதற்குத் தீர்வு எளிது. இணைப்பை வலது க்ளிக்கில் நகலெடுத்து, முகவரிப் பட்டையில் ஒட்டி, எச்டிடிபிக்குப் பின்னால் ஓர் 'எஸ்' சேர்த்து எண்டர் தட்டுங்கள். பல பழைய தளங்களில் கோப்பு அப்படியே இறங்கிவிடும்.

மூன்றாம் வகை, 'ஆபத்தானது' என்பது. 'டேஞ்சரஸ்' அல்லது 'மால்வேர்' என்று நேராகவே சொல்லும். தெரியாத கோப்பு என்பதோடு நிற்காமல், கெட்டது என்று நம்பக் காரணம் இருக்கிறது என்கிறது. இங்கேயும் தவறு நடப்பதுண்டு, ஆனால் குறைவு. இந்த வகை வந்தால் 6-ஆம் படியில் தெளிவான பதில் கிடைக்கும்வரை கோப்பை வைத்துக்கொள்ளவே கூடாது.

தவறாக மாட்டும் மென்பொருள்களுக்குச் சில பொது அடையாளங்கள் உண்டு. ஒருவரோ இருவரோ செய்தவை, பைத்தானில் எழுதி ஒரே இஎக்ஸ்இ கோப்பாகக் கட்டியவை, விசை அழுத்தல்களைத் தானாகச் செய்யவைக்கும் ஆட்டோஹாட்கீயில் செய்தவை, அளவைக் குறைக்கச் சுருக்கியவை. கெட்ட நிரல் எழுதுகிறவர்களும் இதே கருவிகளைப் பயன்படுத்துவதால் சாயல் ஒத்துப்போகிறது. தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களுக்கு இன்னொரு சிக்கல். நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் பார்த்தால்தான் அதால் 'அம்மா' என்று மாற்றித்தர முடியும். விசைகளைத் திருடும் நிரலும் அதையேதான் செய்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் ஆன்டிவைரஸுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரிய இடமுண்டு.

பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்புகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாததால் பிரவுசர் சந்தேகப்படுகிறது. அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. இலவச மென்பொருளைப் பாஸ்வேர்டு போட்டுத் தர நல்ல காரணம் மிக அரிது.

5. முகவரியைச் சரிபார்த்து, புதிதாக இறக்குங்கள்

எச்சரிக்கை வந்த அதே கோப்பை வைத்துக்கொண்டு போராடாதீர்கள். அதை விட்டுவிட்டு, செய்தவரின் தளத்துக்கு நேராகப் போய் மறுபடி இறக்குங்கள். 'இது தவறான எச்சரிக்கை' என்று நம்பி என்னிடம் வந்தவர்களில் பலர் அசல் தளத்திலேயே இருக்கவில்லை.

வீடியோ பார்க்க உதவும் விஎல்சி என்று தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். 2023-இன் தொடக்கத்தில் விஎல்சி, ஓபிஎஸ், நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற பெயர்களில் போலித் தளங்கள் தேடல் விளம்பரங்களாகவே வந்தன. பார்வைக்கு அசல் மாதிரியே இருந்தன. விஎல்சியின் அசல் முகவரி வீடியோலேன் டாட் ஓஆர்ஜி. கோப்புகளைச் சுருக்கவும் பிரிக்கவும் உதவும் செவன்-ஜிப்புக்கு அதன் பெயரோடு டாட் ஓஆர்ஜி. முகவரிப் பட்டையில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

கிட்ஹப்பில் இருந்தாலே அசல் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே யாரும் யார் பெயரிலும் ஒரு களஞ்சியத்தைத் தொடங்கலாம். மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து இணைப்பைப் பிடித்துக் கிட்ஹப்புக்குப் போவதுதான் சரியான வழி.

பழைய பாமினி எழுத்துருவில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சிறு மென்பொருளைத் தேடினார், டிடிபி வேலை செய்யும் ஓர் அக்கா. செய்தவரின் பக்கத்தில் இறக்கியபோது பிரவுசர் தடுத்தது. அதே பெயரைத் தேடி வேறொரு 'இலவச டவுன்லோடு' தளத்துக்குப் போனார். அங்கே எந்த எச்சரிக்கையும் வரவில்லை. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தி முடித்தபோது மாற்றியோடு சேர்ந்து மூன்று வேண்டாத நிரல்கள் உள்ளே வந்திருந்தன. பிரவுசரின் முகப்புப் பக்கமும் மாறியிருந்தது. அந்தத் தளத்தின் நிறுவி லட்சக்கணக்கானோர் இறக்கிய ஒன்று, அதனால் பிரவுசருக்கு அது 'தெரிந்த' கோப்பு. எச்சரிக்கை வராததை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு உறைத்தது அவருடைய மேசையில்தான்.

6. வைத்துக்கொள்ளும் முன்: கோப்பு இல்லாமலே சோதனை

பலரும் தவறவிடும் படி இது. கோப்பு கையில் இருந்தால்தான் சோதிக்க முடியும் என்று நினைத்து முதலில் 'கீப்' கொடுத்துவிடுகிறார்கள். தளத்தில் ஹேஷ் இருந்தால் கோப்பே தேவையில்லை.

வைரஸ்டோட்டல் தளத்துக்குப் போய் 'சர்ச்' பகுதியில் அந்த 64 எழுத்து ஹேஷை ஒட்டுங்கள். வேறு யாராவது அதே கோப்பை ஏற்கெனவே சோதிக்கக் கொடுத்திருந்தால், 70-க்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ்கள் என்ன சொல்லின என்று உடனே வந்துவிடும்.

முடிவைப் படிக்கப் பொறுமை வேண்டும். எல்லாம் பச்சையாக இருந்தால் மேலே போகலாம். ஒன்றிரண்டு மட்டும், அதுவும் அதிகம் கேள்விப்படாத ஆன்டிவைரஸ்கள் சிவப்பாகக் காட்டினால், அவை என்ன பெயர் சொல்கின்றன என்று பாருங்கள். 'ஜெனரிக்', 'ஹியூரிஸ்டிக்', 'சஸ்பீஷியஸ்', 'எம்எல்' போன்ற சொற்கள் இருந்தால் அது சாயலை வைத்துச் செய்த ஊகம். 'பியூஏ', 'ரிஸ்க்வேர்', 'ஹேக்டூல்' என்றால் மென்பொருளின் வகையைச் சொல்கிறது. மறந்த பாஸ்வேர்டை மீட்கும் கருவிகள் இப்படித்தான் மாட்டும். பேர்பெற்ற ஆன்டிவைரஸ்கள் நான்கைந்து சேர்ந்து ஒரே குடும்பத்து மால்வேரின் பெயரைச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

'டீடெய்ல்ஸ்' பகுதியில் அந்தக் கோப்பு முதன்முதலில் எப்போது பதிவானது என்று இருக்கும். நான் அதைத் தவறாமல் பார்ப்பேன். மூன்று வருடத்துக்கு முன் வெளியான, பலரும் பயன்படுத்தும் பதிப்பு என்கிறார்கள், ஆனால் அந்த ஹேஷ் நேற்றுத்தான் முதலில் பதிவாகியிருக்கிறது என்றால், கணக்கு எங்கோ இடிக்கிறது.

தளத்தில் ஹேஷ் இல்லாவிட்டால் டவுன்லோடு முகவரியை 'யூஆர்எல்' பகுதியில் ஒட்டிப் பாருங்கள். இது கொஞ்சம் பலவீனமான சோதனை. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு நல்லது.

7. கோப்பை வைத்துக்கொள்ளுங்கள், திறக்காதீர்கள்

'கீப்' என்பது வேறு, 'ஓப்பன்' என்பது வேறு. இஎக்ஸ்இ கோப்பு வட்டில் சும்மா கிடக்கும்வரை அது ஓடாது. இந்த இடைவெளியில்தான் மிச்சச் சோதனைகளைச் செய்யப் போகிறோம்.

குரோமில் முகவரிப் பட்டைக்கு வலப்பக்கம் உள்ள டவுன்லோடு குறியை அழுத்தி, தடுக்கப்பட்ட கோப்பின் மேல் க்ளிக் செய்யுங்கள். காரணமும் அதன் கீழே தேர்வுகளும் வரும். 'டெலிட்' கண்ணில் படும்படி இருக்கும், வைத்துக்கொள்ளும் தேர்வு அடக்கமாக இருக்கும். அங்கே இல்லாவிட்டால் கன்ட்ரோலும் ஜேயும் அழுத்தி டவுன்லோடு பக்கத்தைத் திறந்து, கோப்புக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளில் பாருங்கள். பட்டனின் சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், இடம் அதுதான்.

எட்ஜில் கோப்பின் மேல் மவுஸை வைத்தால் மூன்று புள்ளிகள் தெரியும். அதில் 'கீப்'. உடனே இன்னொரு பெட்டி வரும். அதில் 'ஷோ மோர்' அழுத்தினால்தான் 'கீப் எனிவே' கண்ணுக்குத் தெரியும். பாதிப்பேர் இந்த இரண்டாம் பெட்டியில் 'கேன்சல்' கொடுத்துவிட்டு, எட்ஜ் விடவே மாட்டேன் என்கிறது என்கிறார்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் டவுன்லோடு பட்டியலில் உள்ள அந்தக் கோப்பை அழுத்தினால் 'அலவ் டவுன்லோடு' வரும்.

இந்தப் படியில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. குரோம் அனுமதிக்குக் காத்திருக்கும்போது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் 'அன்கன்ஃபர்ம்டு' என்று தொடங்கி 'சிஆர்டவுன்லோடு' என்று முடியும் ஒரு கோப்பு கிடக்கும். அதன் பெயரை இஎக்ஸ்இ என்று மாற்றித் திறந்து பார்க்கிறார்கள். பிரவுசரின் சோதனை முடியாத கோப்பு அது, அதன்மேல் கை வைக்காதீர்கள். இன்னொரு தவறு, செட்டிங்ஸுக்குள் போய் 'நோ புரொடெக்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுப்பது. ஒரு கோப்புக்காக மாற்றுகிறீர்கள், திருப்பி வைக்க மறந்துவிடுவீர்கள். அதன்பிறகு வீட்டில் யார் எதை இறக்கினாலும் கேட்பாரில்லை.

8. திறக்கும் முன் ஹேஷையும் கையொப்பத்தையும் பாருங்கள்

முதலில் ஹேஷ். செவன்-ஜிப் இருந்தால் கோப்பை வலது க்ளிக் செய்து அதன் ஷா பட்டியலில் ஷா-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸின் கட்டளைச் சன்னலான பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கோப்பை மவுஸால் இழுத்து அந்தச் சன்னலுக்குள் போடுங்கள். கோப்பின் பாதை தானாக விழும். எண்டர் தட்டினால் ஹேஷ் வரும்.

64 எழுத்தைக் கண்ணால் ஒப்பிடாதீர்கள். முதல் நாலு, கடைசி நாலு எழுத்து பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. உங்களுக்கு வந்த ஹேஷை நகலெடுத்துக்கொண்டு, தளத்தில் ஹேஷ் உள்ள பக்கத்துக்குப் போய் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி ஒட்டுங்கள். பக்கம் அதைக் கண்டுபிடித்து நிறமிட்டால் பொருந்துகிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பற்றிக் கவலை வேண்டாம்.

பொருந்தவில்லை என்றால் உடனே பயப்படாதீர்கள். வேறு பதிப்பின் ஹேஷையோ 32 பிட்டின் ஹேஷையோ பார்த்திருக்கலாம், டவுன்லோடு பாதியில் அறுந்திருக்கலாம். ஒருமுறை சரிபார்த்து மறுபடி இறக்குங்கள். மறுபடியும் பொருந்தாவிட்டால் திறக்காதீர்கள்.

இந்தப் படி வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஹேண்ட்பிரேக்கின் கதையைச் சொல்வேன். வீடியோ மாற்றும் அந்த மென்பொருளின் டவுன்லோடு கண்ணாடித் தளங்களில் (அதே கோப்பின் நகலைத் தரும் தளங்களில்) ஒன்றை 2017 மே மாதம் யாரோ உடைத்து, மேக்குக்கான கோப்பை மாற்றி வைத்துவிட்டார்கள். மே 2 முதல் 6 வரை இறக்கியவர்களில் பாதிப்பேருக்குக் கெட்ட கோப்பு கிடைக்க வாய்ப்பிருந்தது என்று அந்தக் குழுவே அறிவித்தது. முகவரி அசல், பக்கம் அசல், கோப்பு மட்டும் போலி. ஹேஷை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம். கோப்பு ஓரிடத்திலும் ஹேஷ் வேறிடத்திலும் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரே தளத்தை உடைத்தவர் இரண்டையும் சேர்த்தே மாற்ற முடியும்.

அடுத்து கையொப்பம். கோப்பை வலது க்ளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போங்கள். 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பகுதி இருந்தால், பெயரைத் தேர்ந்தெடுத்து 'டீடெய்ல்ஸ்' அழுத்துங்கள். கையொப்பம் சரி என்று வர வேண்டும், பெயரும் செய்தவரின் பெயராக இருக்க வேண்டும். விஎல்சி என்றால் வீடியோலேன் என்று இருக்கும்.

அந்தப் பகுதியே இல்லையென்றால் கையொப்பம் இல்லை. அதனால் மட்டும் கெட்டதென்று ஆகாது. செவன்-ஜிப்பின் நிறுவி நெடுங்காலம் கையொப்பம் இல்லாமலே வந்தது. சான்றிதழுக்கு வருடாவருடம் காசு, அதற்கான சாவியைத் தனிக் கருவியில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூனிலிருந்து. இலவசமாகத் தருகிற ஒருவருக்கு இது பெரிய சுமை. கையொப்பம் இல்லாதபோது ஹேஷ்தான் உங்கள் பிடி.

ஹேஷ் தளத்தில் கொடுக்கப்படாத மென்பொருள் என்றால், கோப்பையே வைரஸ்டோட்டலில் ஏற்றலாம். 650 மெகாபைட் வரை எடுத்துக்கொள்ளும். ஏற்றும் கோப்பு மற்றவர்கள் கைக்கும் போகும் என்பதால் நிறுவிகளை மட்டும் ஏற்றுங்கள், சம்பளப் பட்டியல் போன்ற சொந்த ஆவணங்களை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

9. விண்டோஸின் நீலப் பெட்டி

பிரவுசர் விட்டபிறகும் 'விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி' என்று நீலப் பெட்டி வரலாம். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேல் பிரவுசர் ஒரு முத்திரை குத்தி வைக்கிறது. அந்த முத்திரையைப் பார்த்துத்தான் ஸ்மார்ட்ஸ்கிரீன் இரண்டாம் முறை விசாரிக்கிறது.

மேலே உள்ள சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தால் 'மோர் இன்ஃபோ' அழுத்துங்கள். பதிப்பாளர் பெயர் தெரியும், கீழே 'ரன் எனிவே' வரும். ஜிப் கோப்பு என்றால், பிரிக்கும் முன்பே அதன் பிராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' என்பதை டிக் செய்து 'அப்ளை' கொடுத்துவிடுங்கள். பிரித்தபிறகு செய்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பிலும் முத்திரை தங்கிவிடும். மென்பொருள் திறக்கும், ஆனால் பாதி வசதி வேலை செய்யாது, காரணமும் புரியாது.

விண்டோஸ் 11-இல் 'ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்' இயங்கினால் 'ரன் எனிவே' பட்டனே இருக்காது. ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு தரும் வழி அதில் கிடையாது. ஒரு சின்ன கருவிக்காக அதை மொத்தமாக அணைக்க நான் சொல்லமாட்டேன். கையொப்பமுள்ள வேறு மென்பொருளையோ, அதே மென்பொருளின் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் பதிப்பையோ தேடுங்கள்.

10. ஆன்டிவைரஸ் கோப்பைத் தூக்கிவிட்டால்

இறங்கிய கோப்பு கண் முன்னே மறைந்துபோனால் இதுதான் நடந்திருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி' போங்கள். எந்தக் கோப்பு, என்ன பெயரில் பிடிபட்டது என்று இருக்கும். அந்தப் பெயரை 6-ஆம் படியில் சொன்ன மாதிரி படியுங்கள்.

ஊகம்தான் என்று தெரிந்து, தளத்தில் கொடுத்த ஹேஷுக்கும் வைரஸ்டோட்டலில் நல்ல பதில் வந்திருந்தால், அந்த ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்து 'ரீஸ்டோர்' அல்லது 'அலவ்', எது இருக்கிறதோ அதைக் கொடுங்கள். கோப்பு திரும்பி வந்ததும், வராவிட்டால் மறுபடி இறக்கியதும், ஹேஷை ஒப்பிடுங்கள்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் விலக்குப் பட்டியலில் சேர்க்காதீர்கள். இணையத்திலிருந்து வரும் எல்லாமே முதலில் விழும் இடம் அது. விலக்கு தந்தே ஆக வேண்டுமென்றால், மென்பொருள் நிறுவப்பட்ட அந்த ஒரு கோப்புக்கு மட்டும் கொடுங்கள்.

'நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்' என்று தளமே எழுதியிருந்தால் அந்த மென்பொருளே வேண்டாம். இத்தனை வருடத்தில் இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விலக்கு சொன்னதில்லை.

11. மேக், ஆண்ட்ராய்டு

மேக்கில் இந்த வேலையைக் 'கேட்கீப்பர்' செய்கிறது. முன்பு கன்ட்ரோல் விசையோடு க்ளிக் செய்து திறந்துவிடலாம். 2024-இல் வந்த சீகோயா பதிப்பில் அந்தக் குறுக்கு வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒருமுறை திறக்க முயன்று, தடை வந்தபிறகு சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், கீழே இறங்கி 'ஓப்பன் எனிவே' அழுத்த வேண்டும். முதலில் திறக்க முயலாவிட்டால் அந்தப் பட்டனே அங்கே வராது. பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஆண்ட்ராய்டில் எந்த ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பை) இறக்கினாலும் பிரவுசர் பொதுவாக எச்சரிக்கும். நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்வதில்லை அது. எஃப்-டிராய்டு போன்ற களஞ்சியத்திலிருந்து எடுப்பதென்றால், 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' அனுமதியை அந்தப் பிரவுசருக்கு மட்டும் கொடுத்து, நிறுவி முடித்ததும் திரும்ப எடுத்துவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ போக்குவரத்து அபராதம் என்றோ ஏபிகே வந்தால் அதில் சோதிக்க ஒன்றுமில்லை, அழித்துவிடுங்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். இந்தியாவில் பலருடைய வங்கிக் கணக்கைக் காலி செய்த வழி இது.

12. தவறான தடையைத் தெரியப்படுத்துங்கள்

உங்கள் வேலை முடிந்துவிட்டது. ஆனால் அடுத்து இறக்குகிறவருக்கும் அதே எச்சரிக்கைதான் வரும். ஐந்து நிமிடம் செலவழித்தால் அதை மாற்ற உதவலாம்.

எட்ஜில் தடுக்கப்பட்ட கோப்புக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளிலேயே, கோப்பு பாதுகாப்பானது என்று அறிவிக்கும் தேர்வு இருக்கிறது. விண்டோஸ் டிஃபெண்டர் தவறாகப் பிடித்திருந்தால் 'மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி இன்டெலிஜென்ஸ்' தளத்தில் கோப்பை ஆய்வுக்கு அனுப்பலாம். வைரஸ்டோட்டலில் சிவப்பு காட்டிய மற்ற ஆன்டிவைரஸ்களுக்கும் பெரும்பாலும் இப்படி ஒரு படிவம் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம், மென்பொருளைச் செய்தவருக்கு எழுதுவது. அவருடைய கணினியில் எச்சரிக்கை வராது, அதனால் அவருக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம். எந்தப் பிரவுசர், எந்தப் பதிப்பு, எச்சரிக்கையின் படம், கோப்பின் ஹேஷ், வைரஸ்டோட்டல் முடிவின் இணைப்பு ஆகிய ஐந்தையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். 2-ஆம் படியில் எடுத்த படம் இங்கே உதவும். பதிப்பு எண்ணும் படமும் இல்லாமல் 'உங்கள் சாஃப்ட்வேரில் வைரஸ் இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

தளமே தடுக்கப்பட்டிருந்தால், அவர் கூகுள் சர்ச் கன்சோலில் 'செக்யூரிட்டி இஷ்யூஸ்' பகுதியைப் பார்த்து மறு ஆய்வு கேட்க வேண்டும். அதைத் தளத்தின் உரிமையாளர்தான் செய்ய முடியும். திறமூல மென்பொருள் என்றால் சைன்பாத் அறக்கட்டளை இலவசமாகவே கையொப்ப வசதி தருகிறது என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். சின்ன அளவில் மென்பொருள் செய்யும் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.